கடைக் கண்ணாடிக்குள் ஒரு தொட்டில்



சென்ற ரமளானின் முதல் வாரத்தில் அவிநாசியிலுள்ள என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். நோன்பு திறந்து, தொழுகை முடித்து, கஞ்சிக் கோப்பையுடன் அமர்ந்தபோது அவளுடைய ஐந்து வயது மகள் மெல்ல வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். வலக்கைச் சுட்டுவிரலில் வெள்ளைத் துணிக்கட்டு.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"அத்தா கடையில சுத்துற பலகை கடிச்சிருச்சு மாமா" என்றாள்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் தங்கையின் முகம் சிவந்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாளாக அந்த வீட்டில் நடந்துவரும் வழக்கு ஒன்று, தீர்ப்புக்காக என் முன்னே வந்து நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டேன்.

மச்சானுக்கு அவிநாசிக் கடைவீதியில் குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைக் கடை. பத்தடி அகலமுள்ள சிறிய கடைதான். முகப்பில் கண்ணாடியிட்ட ஒரு காட்சிப்பேழை. நம் கடைக்காரர்கள் 'ஷோகேஸ்' என்று சொல்வது. 1925-ஆம் ஆண்டு குலாம் காதர் என்பவர் திருப்பூரில் முதல் பின்னலாடைக் கூடத்தைத் தொடங்கிய நாள் முதலாக இந்த வட்டாரமே ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்துத் தருகிறது. ஆனால் உள்ளூரில் சிறு கடை வைத்திருப்பவர் பாடு வேறு. பெருநாள் துணி எடுக்கத் திருப்பூரின் பெரிய கடைகளுக்கும் கோவைக்கும் பேருந்தேறிச் செல்கிறார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் விரலால் தொட்டு வாங்கிவிடுகிறார்கள். கடை வாசலில் நடந்து போகிறவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி?

மச்சான் ஒரு வழி கண்டார். பழைய இரும்புக் கடையில் கார் ஒன்றின் வைப்பர் மோட்டாரை வாங்கினார். பட்டை போட்டு வேகத்தைக் குறைத்து, வட்டமான ஒட்டுப்பலகை ஒன்றைச் சுழலச் செய்தார். அதன்மேல் நான்கு கவுன்களை நிறுத்தினார். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்றார்கள். பிள்ளைகளுக்காகத் தாய்மாரும் நின்றார்கள். நான்கு நாள் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

ஐந்தாம் நாள் கவுன் ஒன்றின் இடுப்பு ரிப்பன் நழுவிப் பலகைக்கு அடியிலிருந்த தண்டில் சுற்றிக்கொண்டது. கடையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை பக்கவாட்டுக் கதவைத் திறந்து ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். ரிப்பன் அவள் விரலையும் சேர்த்துச் சுற்றியது. அலறல் கேட்டு ஓடி வந்த கடைப்பையன் பிளக்கைப் பிடுங்கியதால் எலும்பு தப்பியது, நகம் கறுத்துப்போனது.

"அதைக் கழற்றி எறியச் சொல்லுங்கள் அண்ணா! பிள்ளையின் விரலை விற்றுப் பெருநாள் கொண்டாட வேண்டாம்" என்றாள் தங்கை.

"மெதுவாகத்தானே மச்சான் சுற்றியது? மின்விசிறி போலவா சுற்றியது?" என்றார் மச்சான்.

அவர் சொன்ன இந்த ஒரு சொல்தான் இம்மாதக் கட்டுரைக்கு வித்தாயிற்று. ஏனெனில் மெதுவாகச் சுழல்வது ஆபத்தற்றது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மெதுவானது மென்மையானதன்று

பாரம் ஏற்றிய லாரியைத் தூக்கும் ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு மெதுவாக ஏறுகிறது! அந்த மெதுவில்தான் அதன் பலம் இருக்கிறது. நம் கோவைக்குப் பேர் வாங்கித் தந்த மாவரைக்கும் கிரைண்டரும் அப்படித்தான். உள்ளே மோட்டார் விரைந்து சுழல்கிறது. வெளியே கல் நிதானமாகச் சுழல்கிறது. வேகத்தைப் பட்டையாலோ பல்சக்கரத்தாலோ குறைக்கும்போதெல்லாம், குறைந்த வேகத்துக்கு ஈடாக முறுக்கு விசை கூடுகிறது.

வைப்பர் மோட்டார், கண்ணாடியின்மேல் அழுந்திக் கிடக்கும் ரப்பரை மழையிலும் புழுதியிலும் இழுத்துச் செல்வதற்காகப் படைக்கப்பட்டது. அதன் வேகத்தை மச்சான் மேலும் குறைத்தபோது, தாம் அறியாமலே அதன் பிடியை மேலும் இறுக்கிவிட்டார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடைகளில் விற்கும் சிறு கியர் மோட்டாரின் வலிமையை 'கிலோ-சென்டிமீட்டர்' என்ற அளவில் குறிப்பிடுவார்கள். 5 கிலோ-சென்டிமீட்டர் என்றால், தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தொலைவில் அது 5 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். அதே மோட்டார், 25 செ.மீ. தொலைவிலுள்ள பலகையின் விளிம்பில் 200 கிராம் அளவுக்குத்தான் தள்ளும். விளிம்பில் ஒரு குழந்தை கையை வைத்தாலே பலகை நின்றுவிடும். தண்டுக்கு அருகிலோ, அரை செ.மீ. தொலைவில், அதன் பிடி 10 கிலோ! விளிம்பைத் தொட்டுப் பார்த்து "பயமில்லை" என்று முடிவு செய்கிறவர், ஆபத்து குடியிருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. ரிப்பனும் நூலும் தாவணி முனையும் போய்ச் சேர்வது அந்த மையத்துக்குத்தான்.

நின்றுபோன மோட்டார் ஓர் அடுப்பு

மறுநாள் காலை கடைக்குச் சென்று பலகையைக் கழற்றினேன். மோட்டாரை ஒட்டி, இடத்தை நிரப்புவதற்காக மச்சான் சில பழைய துணிகளைத் திணித்து வைத்திருந்தார். ஒரு துணியின் ஓரம் பழுப்பேறி, தொட்டால் பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. மச்சானிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

மோட்டார் சுழலும்போது, வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வேலையாக மாற்றுகிறது. ஒரு ஹாங்கர் விழுந்து தடுத்தோ, துணி சிக்கியோ அது நின்றுவிட்டால், வேலை நின்றுபோகிறதே தவிர மின்சாரம் நிற்பதில்லை. மாறாக, ஓடும்போது வாங்கியதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை அது உறிஞ்சத் தொடங்குகிறது. அவ்வளவும் சுருளில் சூடாகிறது. கடை பூட்டிய பின்னும் சுவிட்சை அணைக்க மறந்திருந்தால், இரவு முழுவதும் துணிக் குவியலுக்கு நடுவே ஓர் அடுப்பு எரிவதற்கு ஒப்பாகும்.

துணியில் பற்றிய தீயின் கொடுமையை நம் நாட்டார் அறியாதவர்கள் அல்லர். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேலாக எரிந்தது. இறுதியில் அந்தக் கட்டடத்தையே இடிக்க நேர்ந்தது. 2023 ஜூன் மாதத்தில் திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தையில் ஏற்பட்ட தீயில் சுமார் 50 கடைகள் சாம்பலாயின. துணி அடுக்கிய இடத்தில் ஒரு பொறி எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்கு இவை போதும்.

நம் பகுதிக்கு இன்னொரு இடரும் உண்டு. தையற்கூடங்களிலிருந்தும் துணிக் கட்டுகளிலிருந்தும் பறக்கும் பஞ்சுத் தூசு, மோட்டாரின் காற்றுத் துளைகளில் மெத்தைபோல் படிந்துவிடுகிறது. சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. பஞ்சோ, சுடரில்லாமல் உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் புகையும் இயல்புடையது.

ஆக, அசையும் காட்சி அமைப்பவர் விடை காணவேண்டிய கேள்விகள் இரண்டு. ஒருவர் கை அதில் அகப்பட்டால் என்ன நேரும்? அது அசையமுடியாமல் நின்றுவிட்டால் என்ன நேரும்? இவ்விரண்டுக்கும் "ஒன்றும் நேராது" என்று துணிந்து சொல்ல முடியுமானால்தான் அந்தக் காட்சி கடைக்குள் வரலாம்.

எடையும் சமநிலையும்

"அப்படியானால் அசைவே வேண்டாம் என்கிறீர்களா?" என்றார் மச்சான். வேண்டும், ஆனால் வலிய மோட்டார் வேண்டாம் என்றேன்.

வியப்பூட்டும் அசைவுக்கு வலிய விசை தேவையில்லை என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். தியார்பக்கிர் நகரில் அர்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ என்னும் பொறியியல் மேதை, 1206-ஆம் ஆண்டில் நிறைவு செய்த நூலில் 50 கருவிகளின் அமைப்பை வரைபடங்களுடன் விளக்கியுள்ளார். அவற்றுள் புகழ்பெற்றது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் அடியில் துளையிட்ட ஒரு கிண்ணம் மிதக்கும். நீர் மெல்லப் புகுந்து, அரை மணி நேரத்தில் அது மூழ்கும். மூழ்கும்போது கயிற்றை இழுத்து ஓர் உருண்டையை விடுவிக்கும். உருண்டை பாம்பின் வாயில் விழ, அதன் எடையால் பாம்பு வளைந்து, மூழ்கிய கிண்ணத்தை மீண்டும் மேலே தூக்கிவிடும். கூடி நிற்போர் வியந்து பார்த்த அத்தனை அசைவையும் நடத்தியது கொஞ்சம் நீரும் ஓர் உருண்டையின் எடையும்தான். எடைகளை ஒன்றுக்கொன்று ஈடாக நிறுத்திவிட்டால், சிறு தூண்டுதலே போதும் என்பது அவர் கண்ட நுட்பம்.

கடைக் கண்ணாடிக்குள் அசைவைக் கொண்டுவரும் கலையும் புதியதன்று. 'ஓஸ்' மந்திரவாதியின் கதையை எழுதி உலகப் புகழ் பெற்ற அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம், அதற்கு முன் 1897-இல் சிக்காகோவில் கடை முகப்பு அலங்காரத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். துணிக்கடை முகப்புகளை அலங்கரிப்பது பற்றி 1900-இல் தனி நூலே வெளியிட்டார். அசையும் காட்சிகளுக்கு அவர் தந்த இடம் பெரிது. கண்ணின் ஓரத்தில் தெரியும் எதுவும் அசைந்தால் தலை தானே திரும்பும். அது மனித இயல்பு.

மோட்டாருக்கும் நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவதை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் செய்தார்கள். அந்த நகரின் அவிநாசி சாலையில் இன்றும் ஜி.டி. நாயுடுவின் கண்காட்சியைக் காணலாம்.

தங்கை சொன்ன யோசனை

அசைவாக எதை வைப்பது? முகமுள்ள பொம்மைகளை நிறுத்துவதில் மச்சானுக்கு விருப்பமில்லை. கவுன்கள் மட்டும் சுழல்வதில் புதுமை குறைந்துவிட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட தங்கை, "குழந்தைத் துணிக் கடைதானே? ஒரு தொட்டிலை ஆடவிடுங்களேன்" என்றாள்.

இதைவிடச் சிறந்த யோசனை இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. தொட்டிலை ஆட்டுகிற தாய் அதை முரட்டுத்தனமாக இழுத்துத் தள்ளுவதில்லை. அது தானாக ஆடிவரும் தாளத்தை அறிந்து, அந்தத் தாளத்தில் ஒரு விரலால் தொட்டுவிடுகிறாள், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்திலும் அந்த ஆட்டம் நிற்காமல் நடக்கிறது. நம் மோட்டாருக்கும் அதே வேலையைக் கொடுத்தால் போதும்.

தொங்கும் பொருள் ஆடும் தாளத்தை அதன் எடை முடிவு செய்வதில்லை. தொங்கும் நீளமே முடிவு செய்கிறது. கொக்கியிலிருந்து பொருளின் எடை மையம் வரை 1 மீட்டர் இருந்தால், போய்வர ஏறத்தாழ 2 நொடி. அதாவது நிமிடத்துக்கு 30 ஆட்டம். எனவே நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுழலும் சிறு கியர் மோட்டார் ஒன்றை வாங்கி, தொட்டிலை 1 மீட்டர் நீளத்தில் தொங்கவிட்டால் இரண்டின் தாளமும் ஒன்றுபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு இழுப்பு. ஆட்டம் தானே வளரும்.

செய்த முறை

நாங்கள் செய்ததை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

1. மோட்டார்: 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும், நிமிடத்துக்கு 30 சுற்றுள்ள கியர் மோட்டார். சில நூறு ரூபாய்க்கு மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் மோட்டாரைக் குழந்தைகள் வரும் கடையின் காட்சிப்பேழைக்குள் வைக்காதீர்கள்.

2. இடம்: மோட்டாரைப் பேழையின் மேற்கூரையில், ஏழடி உயரத்தில், ஒரு தகரப் பெட்டிக்குள் பொருத்தினோம். பெட்டியில் காற்றுத் துளைகளும் அவற்றின்மேல் நுண்வலையும் உண்டு. பெட்டிக்குள் துணியோ அட்டையோ தெர்மோகோலோ இல்லை. மேலே இருப்பதால் குழந்தையின் கை எட்டாது. கீழே தொங்கும் துணியின் ரிப்பனும் எட்டாது.

3. தொட்டில்: ஒன்றரை அடி நீளமுள்ள பிரம்புத் தொட்டில். இரு முனைக் கயிறுகளையும் தனித்தனிக் கொக்கிகளில் மாட்டினோம். ஆட்டம் நிதானமாக இருக்க, தொட்டிலின் அடியில் ஒரு கிலோ மணலைப் பையில் கட்டி வைத்து, அதன்மேல் பிறந்த குழந்தைக்கான சட்டை, குல்லாய், கால் உறை முதலியவற்றை அடுக்கினோம். கொக்கிகளைப் பலகையில் திருகாமல் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, ஒவ்வொன்றிலும் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு ஓர் இரவு வைத்துச் சோதித்தோம்.

4. இணைப்பு: பாதுகாப்பின் உயிர்நாடி இதுதான். மோட்டார் தண்டில் 3 செ.மீ. நீளமுள்ள சிறு கைப்பிடி. கொக்கிக்கு 20 செ.மீ. கீழே, இரு கயிறுகளையும் இணைத்துக் குறுக்காக ஒரு மூங்கில் குச்சி. கைப்பிடியையும் குச்சியையும் இணைப்பது கம்பியன்று, கயிறுமன்று. ஜட்டியின் இடுப்புக்குத் தைக்கும் மெல்லிய எலாஸ்டிக் நாடா! திருப்பூர்ப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்?

இந்த நாடாதான் தாயின் விரல். தொட்டில் தாராளமாக ஆடும்போது அது மெல்ல இழுத்துவிடுகிறது. யாரேனும் தொட்டிலைக் கையால் பிடித்துவிட்டாலோ, கவுன் ஒன்று சரிந்து அதைத் தடுத்துவிட்டாலோ, நாடா நீண்டு சுருங்குகிறது. மோட்டார் தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கிறது. தொட்டில் நின்றாலும் மோட்டார் நிற்பதில்லை, ஆகவே சூடேறுவதுமில்லை. நாடா நாள்பட்டு நைந்தால் அறுந்து விழும், ஆட்டம் அடங்கும், அவ்வளவே. நாம் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஒரு முழம் நாடா விடை சொல்லிவிட்டது.

5. இடைவெளி: தொட்டில் ஒரு சாண் ஆடினால், கண்ணாடிக்கும் அதற்கும் இடையே இரண்டு சாண் விட வேண்டும்.

முதலில் ஓடவிட்டபோது தொட்டில் சிறிது ஆடி, பின் தயங்கி, மீண்டும் ஆடியது. தாளம் பொருந்தவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கயிற்றை ஓர் அங்குலம் சுருக்கினோம், சரியாகவில்லை. இரண்டு அங்குலம் நீட்டினோம். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சாண் ஆட்டம் நிலைத்துவிட்டது. மச்சானின் முகத்தில் அப்போதுதான் ஒளி வந்தது.

மின்சாரத்துக்கு மூன்று காவல்

முதற்காவல், அடாப்டர். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் அந்தச் சிறு பெட்டியைக் காட்சிப்பேழைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள சுவரில் வைத்தோம். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் போதும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அதில் இருக்க வேண்டும். நடைபாதையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெயரில்லா அடாப்டரில் மிச்சமாகும் நூறு ரூபாய், மிச்சமே அன்று.

இரண்டாம் காவல், பியூஸ். மோட்டார் ஓடும்போது 0.2 ஆம்பியர் வாங்குவதை மீட்டரில் அளந்தோம். தண்டை ஒரு கணம் இடுக்கியால் பிடித்து நிறுத்தியபோது 1 ஆம்பியரை எட்டியது. இரண்டுக்கும் நடுவே, 0.5 ஆம்பியர் பியூஸ் ஒன்றை 12 வோல்ட் கம்பியில் இணைத்தோம். மோட்டார் புறப்படும்போது ஒரு கணம் கூடுதல் மின்னோட்டம் பாயும் ஆதலால், மெதுவாக உருகும் வகையைத் தேர்ந்தோம். பின் மோட்டாரைப் பிடித்து நிறுத்திக் காத்திருந்தோம். பியூஸ் அறுந்தது, மோட்டாரின் உடல் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவில்லை. உங்கள் மோட்டாருக்கு அளவுகள் வேறாக இருக்கும். அளந்தே முடிவு செய்யுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றிவைப்பது, உறங்கும் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பதாகும்.

மூன்றாம் காவல், கடையின் மின்பலகையில் உள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ தரைக்குக் கசிந்தால், ஒரு நொடியின் சிறு பகுதியில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், எம்.சி.பி. கம்பியைக் காப்பது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

பேழையின் விளக்குகளையும் எல்.இ.டி.யாக மாற்றினோம். பழைய ஹாலஜன் விளக்கு துணியருகே இருப்பது நின்ற மோட்டாருக்கு நிகரான ஆபத்து. செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மோட்டார் வாங்குவது 2.4 வாட், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதம் முழுவதற்கும் ஒரு யூனிட்டுக்கும் குறைவுதான்.

வெண்டைக்காய்ச் சோதனை

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நிமிர்ந்தபோது தங்கை கடைக்கு வந்தாள். கையில் சமையலறையிலிருந்து எடுத்துவந்த நாலைந்து இளம் வெண்டைக்காய்கள்.

"குழந்தையின் விரல் இந்தப் பருமன்தான். எங்கெல்லாம் விரல் போகுமோ அங்கெல்லாம் இதை விட்டுப் பாருங்கள். ஒடிந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்றாள்.

பொறியியல் படித்தவர்களுக்கும் தோன்றாத சோதனை! கயிற்றுக்கும் கொக்கிக்கும் இடையில் விட்டோம், ஒடியவில்லை. குச்சிக்கும் சட்டத்துக்கும் இடையில் விட்டோம், ஒடியவில்லை. ஏணி வைத்து ஏறி, தகரப் பெட்டியில் நாடா நுழையும் துளை வழியாகக் கைப்பிடியருகே விட்டோம். 'படக்' கென்று ஒடிந்தது. எட்டாத உயரந்தானே என்று நாங்கள் விட்டுவைத்திருந்த துளை அது. கடைப்பையன் ஏணியேறித் தூசு துடைக்கமாட்டானா? உடனே அந்தத் துளையை நாடா மட்டும் நுழையும் அளவுக்குத் தகட்டால் சுருக்கினோம்.

குழந்தைகளின் பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதியில் ஓர் அளவு உண்டு. அசையும் இரு பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி 5 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் 12 மி.மீ. தடிமனுள்ள கோலும் புகுந்து வரும் அளவுக்கு இருக்க வேண்டும். விரல் நுழையவே கூடாது. நுழைந்தால் நசுங்காமல் வெளிவர வேண்டும் என்பதே அதன் பொருள். சுழலும் பலகையே வேண்டுமென்போர் இந்த அளவைப் பலகைக்கும் அடித்தளத்துக்கும் இடையே கடைப்பிடிக்க வேண்டும். பலகையின் எடையைப் பால் பேரிங் வட்டம் தாங்கட்டும். மோட்டார் அதைச் சுழற்ற மட்டும் செய்யட்டும். தையல் இயந்திரத்தின் தோல் வார்போல, தடைபட்டால் வழுக்கிவிடும் பட்டையால் இணையுங்கள். நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். தண்டைச் சுற்றித் தகடு அடித்து மூடுங்கள்.

தங்கையின் கேள்விகள் அத்துடன் முடியவில்லை. "தொட்டிலைக் கண்டால் பிள்ளைகள் ஏறிப் படுக்க ஆசைப்படுவார்களே! கயிறு கழுத்தில் மாட்டினால்?" என்றாள். உண்மைதான். அசையும் பாகத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் கயிற்றை மறந்திருந்தோம். பேழையின் தளத்தை இடுப்பளவு உயர்த்தி, பக்கவாட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மச்சானின் கல்லாப்பெட்டியில் வைத்த பிறகே அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

நாள்தோறும் செய்ய வேண்டியது

நன்றாகச் செய்த அமைப்பும் கவனிப்பில்லாவிட்டால் ஒரு வருடத்தில் பழைய ஆபத்தாகவே மாறிவிடும். கடையைப் பூட்டும்போது காட்சிப்பேழைக்கான தனிச் சுவிட்சை அணைக்க வேண்டும். ஆளில்லாக் கடையில் அசைவு யாருக்கு? வாரத்தில் ஒருநாள், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தகரப் பெட்டியின் வலையில் படிந்த பஞ்சுத் தூசைத் தூரிகையால் துடைக்க வேண்டும். அப்போதே கயிறு நைந்திருக்கிறதா, நாடா தளர்ந்திருக்கிறதா, கொக்கி அசைகிறதா என்று பார்த்துவிடலாம். புதிய ஓசை கேட்டாலோ, கருகல் மணம் வந்தாலோ காரணம் காணும்வரை ஓடவிடக் கூடாது.

பெருநாள் பிறை தெரிந்த இரவு மீண்டும் அவிநாசிக்குப் போயிருந்தேன். கடைவீதியில் நல்ல கூட்டம். மச்சானின் கடைக் கண்ணாடிக்குள் வெளிர்மஞ்சள் விளக்கொளியில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த ஒரு பெண் அதன் முன்னே நின்று, தன்னையறியாமல் தானும் அதே தாளத்தில் அசைந்துகொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

கூட்டம் குறைந்ததும் மச்சான் பூட்டைத் திறந்து மகளை அழைத்தார். விரலில் கட்டு இல்லை. நகத்தின் கறுப்பு பாதி வளர்ந்து மேலேறியிருந்தது. அவள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தொட்டிலைப் பிடித்தாள். அது நின்றது. விட்டாள். சிறிது நேரத்தில் மீண்டும் ஆடத் தொடங்கியது.

"இது கடிக்காது மாமா" என்றாள்.

என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. தானும் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்தாள்.